ஏழு மதிப்பெண்ணுக்கான கண்டங்கள்

பூகோளம் டீச்சர் விடைத்தாள் திருத்தும் மையத்தை விட்டு வெளியேறியது ஒரு வியாழக்கிழமை, மதியம் மூன்றேகால் மணிக்கு. இருபத்தாறு வருடங்களாக, தேர்வு முடிந்த கையோடு அந்த மையத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஐந்து மணிக்கு முன்னால் படியிறங்கியது அன்றுதான் முதல் தடவை. கையில் சாப்பாட்டுப் பை, தோளில் குடை, கட்டைவிரலில் சிவப்பு மைக் கறை. வாசலில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காவலாளி, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார்.

"உடம்புக்கு என்ன, அது எப்பவும் போல முடியாமத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வெளியேறும் நேரம் என்ற கட்டத்தில் 3.15 என்று எழுதினார். அடுத்த கட்டம், காரணம். வயிற்று வலி என்று எழுதியிருக்கலாம், உறவினர் மரணம் என்று எழுதியிருக்கலாம். அந்தப் பக்கம் முழுக்க அப்படித்தான் எழுதியிருந்தது. டீச்சர் 'கண்டங்கள்' என்று எழுதிவிட்டுப் போனார்.

பாடத்துக்குப் புத்தகத்தில் புவியியல் என்று பெயர் மாறி எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனால் பட்டப்பெயர்கள் பாடத்திட்டத்தோடு மாறுவதில்லை. முதல் வருடம் பிள்ளைகள் வைத்த பூகோளம் என்ற பெயர், அண்ணன்களிடமிருந்து தம்பிகளுக்கும், பிறகு அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குமாக இறங்கி வந்துகொண்டேயிருந்தது. டீச்சருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வலது முழங்கால் தேய்ந்திருந்தது. கரும்பலகையின் அடிப்பகுதியில் எழுதவேண்டி வந்தால் அண்டார்டிகாவைத் தள்ளிப்போடுவார். உலகத்தின் பெரிய நதிகளையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வரைவார். எதையும் பார்த்ததில்லை. கடவுச்சீட்டு எடுக்கலாம் என்று ஒரு முறை விண்ணப்பம் வாங்கிவந்தார். அதன் பின்பக்கத்தில் அவர் கணவர் வீட்டுச் சாமான்களின் பட்டியலை எழுதிவிட்டார்.

கணவர் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் படிக்கிறவர். ஒரு நாளைக்கு நூறு வீட்டுப் படியேறி இறங்குவார். இருவரும் சாயங்காலம் எதிரெதிரே நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு வாளி வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு, யார் முதலில் எழுந்து விளக்கைப் போடுவது என்று காத்திருப்பார்கள்.

கண்டங்களோடு டீச்சருக்கு ஏற்பட்ட சங்கடம் பழையது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கடல் சூழ்ந்த பெரும் நிலப்பரப்பே கண்டம் என்று எழுதிப்போட்டுவிட்டுத் திரும்பினார். கடைசி வரிசையில் ஒரு பயல் எழுந்து, ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவில் கடல் எங்கே என்று கேட்டான். கடல் இல்லை, யூரல் மலை இருக்கிறது என்றார். மலை இருந்தால் கண்டம் பிரியுமா என்று கேட்டான். பிரியும் என்றார். அப்படியானால் மற்ற மலைகளெல்லாம் ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டான். டீச்சர் அவனை உட்காரச் சொன்னார். அன்று ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு, அவனை உட்காரச் சொன்னது சரியில்லை என்று நினைத்தார். மறுநாளும் பாடம் ஏழு கண்டங்கள்தான். அதற்கடுத்த வருடமும் அதுதான்.

ஆசிரியர் அறையில் இது ஒரு நிரந்தர வேடிக்கை. சரித்திரம் டீச்சருக்குப் பேசிக்கொண்டேயிருக்க வேண்டும். பொழுது போகவில்லையென்றால் கண்டத்தைக் கையில் எடுத்துக்கொள்வார். ஐரோப்பாவைக் கண்டம் என்று சொன்னது யார், ஐரோப்பாக்காரர்கள்தானே, பேர் வைக்கிற கை அவர்களிடம் இருந்தது, வைத்துக்கொண்டார்கள் என்பார். சில நாடுகளில் இரண்டு அமெரிக்காவையும் சேர்த்து ஒன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஒருவர் சொல்வார். ஆஸ்திரேலியா என்று சொன்னால் சுற்றியிருக்கிற தீவுகளெல்லாம் எந்தக் கணக்கில் சேரும், அதனால்தான் சிலர் ஓசியானியா என்கிறார்கள் என்பார் இன்னொருவர். அண்டார்டிகாவில் ஆளே இல்லை, அதற்கு எதற்கு ஒரு கண்டம் என்பார் உடற்பயிற்சி ஆசிரியர். மணி அடிக்கும். எல்லோரும் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் ஏழு என்று சொல்லிக்கொடுப்பார்கள்.

"ஆறோ ஏழோ, நமக்கு இருக்கறது ரெண்டு ரூம்தான்" என்பார் கணவர், டீச்சர் வீட்டில் வந்து இதையெல்லாம் சொன்னால்.

திருத்தும் மையம் ஒரு பழைய பள்ளிக்கூடம். அறைக்கு எட்டுப் பேர். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு, கட்டுக்குப் பன்னிரண்டு விடைத்தாள்கள். பிள்ளையின் பெயரும் எண்ணும் இருந்த பகுதியை முன்னமே கிழித்துவிடுவார்கள். மேலே ஒரு ரகசிய எண் மட்டும் இருக்கும். உதவித் தேர்வாளர்களுக்குச் சிவப்பு மை. அறையின் முனையில் தனி மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் தலைமைத் தேர்வாளருக்குப் பச்சை மை. அவர் கட்டுக்கு இரண்டு தாளை உருவிப் பார்ப்பார். பச்சை சொன்னால் சிவப்பு அடங்க வேண்டும். இருவர் கையெழுத்தும் விழுந்தால்தான் தாள் அறையை விட்டு நகரும்.

அந்த வருடத்துத் தலைமைத் தேர்வாளரை எல்லோரும் 'விடைக்குறிப்பு சார்' என்றுதான் சொல்வார்கள், அவர் இல்லாதபோது. தேர்வு வாரியம் அனுப்பும் விடைக்குறிப்பை பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருப்பார். அதில் ஒரு காற்புள்ளி இருந்தால் பிள்ளையும் போட்டிருக்க வேண்டும். கெட்ட மனிதரில்லை. யாருக்காவது கண் எரிந்தால் தன் பையிலிருந்து சொட்டு மருந்து எடுத்துக் கொடுப்பார். இருபது வருடத்துக்கு முன்னால் இஷ்டத்துக்கு மதிப்பெண் போட்ட ஓர் அறையில் உட்கார்ந்து, அதனால் வந்த விசாரணைக்கெல்லாம் அலைந்தவர். அதிலிருந்து குறிப்பைத் தாண்டி ஓர் அடி எடுத்துவைப்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டிருந்தார்.

அந்த வியாழக்கிழமை மதியக் கட்டில் ஆறாவது தாள். கையெழுத்து சின்னச் சின்னதாக, கோட்டுக்குக் கொஞ்சம் மேலே மிதக்கிற மாதிரி இருந்தது. ஆணா பெண்ணா என்று தெரியாது. டீச்சர் மனதில் அது ஒரு பெண்பிள்ளையாகப் பதிந்துவிட்டது. மொழி தடுமாறியது. தட்டுத்தடுமாறி, ஆனால் யாரையும் பார்த்து எழுதாமல், தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு எழுதியிருந்தாள். இரண்டு, ஒன்றரை, ஒன்று, பூஜ்யம் என்று டீச்சரின் சிவப்புப் பேனா ஓரத்தில் இறங்கிக்கொண்டே வந்தது. உலகின் கண்டங்களின் பெயர்களை எழுதுக என்ற கேள்விக்கு மதிப்பெண் ஏழு. பிள்ளை இப்படி எழுதியிருந்தாள்:

'கண்டங்கள் ஆறு. ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆசியா, ஐரோப்பா, ஓசியானியா, அண்டார்டிகா. இங்கே அமெரிக்காவை வடக்கு, தெற்கு என்று இரண்டாகச் சொல்கிறார்கள். நான் போன வருடம் வரை படித்த பள்ளியில் ஒன்று என்று சொன்னார்கள்.'

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் தாள். எல்லாத் தாளிலும் அதே ஏழு பெயர், அதே வரிசையில். முதல் முறையாக ஒரு பிள்ளை வேறெங்கோ ஒரு வகுப்பறையிலிருந்து வேறொரு எண்ணிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தது, அதை மறைக்காமல் சொல்லவும் செய்திருந்தது. டீச்சர் ஏழுக்கு ஏழு போட்டார்.

பிறகு வரைபடக் கேள்வி, ஐந்து மதிப்பெண். வரைபடத் தாளைத் தனியாகக் கொடுப்பார்கள், பிள்ளைகள் அதை நூல் கோத்து விடைத்தாளின் முதுகில் கட்டவேண்டும். டீச்சர் தாளைத் திருப்பி நூலைத் தேடினார். நூல் இல்லை. பாவம், வரைபடத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் போல என்று நினைத்து, 'இணைக்கவில்லை' என்று எழுதி பூஜ்யம் போட்டார். மீதியிருந்த வெற்றுப் பக்கங்களுக்குக் குறுக்கே கோடு இழுத்தார். கூட்டினால் முப்பத்தாறு. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. கரையேறிவிட்டாள்.

விடைக்குறிப்பு சார் அந்தக் கட்டில் அதுவரை திருத்தியிருந்த தாள்களிலிருந்து உருவிய இரண்டில் ஒன்று அந்தத் தாளாக இருந்தது. அவர் டீச்சரைக் கூப்பிடவில்லை. எழுந்து தானே டீச்சர் மேஜைக்கு வந்தார். ஏழை அடித்து, பக்கத்தில் பச்சையில் நாலு என்று எழுதியிருந்தார். கூட்டுத்தொகை முப்பத்து மூன்று.

"நாலு பேர்தான் டீச்சர் குறிப்புல இருக்கு. அமெரிக்கா இல்ல. ஓசியானியா இல்ல. கையெழுத்துப் போடுங்க, தாள் நகரணும்."

"எனக்குத் தெரிஞ்சு அந்தப் பிள்ளை தப்பா எழுதல சார்."

"தப்புன்னு நானும் சொல்லல. குறிப்புல இல்லன்னு சொல்றேன்."

அதே அறையில் திருத்திக்கொண்டிருந்த சரித்திரம் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகத் திருத்த ஆரம்பித்தார். பூகோளம் டீச்சர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்துகிற தெம்பு இல்லை. அது ஏழு என்று யார் பார்த்துவிட்டு வந்து சொன்னது, நாமெல்லாம் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட எண்ணிக்கைதானே, வேறோர் இடத்தில் உட்கார்ந்து வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அதில் இந்தப் பிள்ளை செய்த குற்றம் வீடு மாறியது மட்டும்தான் என்று சொன்னார்.

"சரி சார், குறிப்பு எழுதினவரு அந்த ஊர்ல படிச்சிருந்தா?"

"அப்ப வேற குறிப்பு வந்திருக்கும். நான் அதப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பேன்." அவர் சிரிக்காமல் சொன்னார். "டீச்சர், இன்னிக்கு நான் ஆறுக்கு ஏழு குடுத்தா, நாளைக்கு அஞ்சுன்னு எழுதினவன் என்ன பண்ணுவான்?"

"அவனும் காரணம் எழுதியிருந்தா குடுங்க."

"காரணத்துக்குக் குறிப்புல மார்க் இல்ல."

அந்தப் பச்சை நாலுக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட டீச்சருக்குக் கை வரவில்லை. பேனாவை மூடினார். சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்தார். மீதி ஆறு தாள் திருத்தாமல் கிடந்தது. "நான் போடல சார்" என்றார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். டீச்சர் சொன்னார். அவர் முழுதும் கேட்டார்.

"அப்ப அந்தப் பிள்ளைக்கு என்னாகும்?"

"வேற யாராவது கையெழுத்துப் போடுவாங்க."

"போட்டா?"

"முப்பத்து மூணு."

"அப்ப நீ எழுந்து வந்ததுல யாருக்கு லாபம்?"

அவர் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. மீட்டர் ஓடவில்லை என்றால் ஏன் ஓடவில்லை என்று கேட்கிற குரலில்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி வீட்டை விட்டுப் போகவே இல்லை. உட்கார்ந்திருந்தால் அந்தத் தாளை இன்னொரு முறை புரட்டியிருக்கலாம், அரை மதிப்பெண், அரை மதிப்பெண்ணாக வேறு கேள்விகளில் இரண்டைத் தேற்றியிருக்கலாம், எல்லோரும் செய்வதுதான். நியாயத்துக்காக எழுந்தாரா, அலுப்பில் எழுந்தாரா என்று டீச்சருக்கே தெரியவில்லை. அலுப்பில்தான் என்று பாதி நாள் தோன்றியது.

ஒரு வாரத்தில் குறிப்பாணை வந்தது. பணியிலிருந்து அனுமதியின்றி வெளியேறியதற்கு விளக்கம் தரவும். டீச்சர் பதிவேட்டில் காரணம் எழுதியிருக்கிறேன் என்று ஒற்றை வரியில் பதில் அனுப்பினார். மூன்று வருடங்களுக்குத் திருத்தும் பணி கிடையாது என்று உத்தரவு வந்தது. சரித்திரம் டீச்சர் அதைப் படித்துவிட்டு, இந்தத் தண்டனையை எனக்கும் வாங்கித் தாயேன், புண்ணியமாப் போகும் என்றார். இருவரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு டீச்சர் சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடி வைத்தார்.

தேர்வு முடிவுகள் வந்த நாளில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டார். விரித்து என்ன செய்ய? அவரிடம் இருந்தது ஒரு ரகசிய எண்; பேப்பரில் இருந்தது வேறு எண்கள். அந்தப் பிள்ளைக்கும் அவருக்கும் நடுவில் பாலம் எதுவும் கிடையாது, வேண்டுமென்றே கிடையாது. அதன் பிறகு பார்க்கிற பிள்ளைகளெல்லாம் அந்தப் பிள்ளையாக இருக்கத் தொடங்கினார்கள். மருந்துக் கடையில் மாத்திரை எண்ணுகிறவள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறவள். ஒரு முறை செருப்புக் கடையில், குனிந்து காலுக்கு அளவு பார்த்த பெண்ணின் பேச்சில் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது. டீச்சர் சட்டென்று, நீ எந்த ஸ்கூலில் படித்தாய் என்று கேட்டுவிட்டார். அவள் பக்கத்துத் தெருப் பள்ளியின் பெயரைச் சொன்னாள். பல் கட்டியிருந்ததால் தடுமாற்றம்.

வகுப்பில் ஏழு கண்டங்களை எழுதிவிட்டு, கீழே சின்ன எழுத்தில், ஆறு என்றும் சொல்வார்கள், ஐந்து என்றும் சொல்வார்கள் என்று எழுதும் பழக்கம் வந்தது. முழங்கால் வலியோடு அந்த அடி வரிக்காகக் குனிவார். பிள்ளைகள் உடனே பரீட்சைக்கு எது என்று கேட்பார்கள். பரீட்சைக்கு ஏழு என்பார். அப்படியானால் உண்மைக்கு எது என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். அதை உட்காரச் சொல்வதில்லை. பக்கத்தில் கூப்பிட்டு, உலக வரைபடத்தைக் கையில் கொடுத்து, கோடுகளையெல்லாம் மறந்துவிட்டு நீயே எண்ணிச் சொல் என்பார். நாலு என்று சொன்னவர்கள் உண்டு. ஒரு பெண் ஒன்றுதான் டீச்சர், நடுவில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்றாள்.

மூன்று வருடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார்கள். டீச்சர் மருத்துவச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போகாமலிருந்தார். பிறகு ஓய்வு பெற்றார். கணவரும் அதே வருடம் ஓய்வு பெற்றார். இரண்டு வாளி வெந்நீர் இப்போது பகலிலேயே.

ஏழு வருடம் கழித்து ஒரு காலை, டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. எண்ணின் முன்னொட்டு வெளிநாடு. முதலில் ஒரு படம்: ஒரு குழந்தையின் நோட்டுப் புத்தகம், வேற்று மொழியில் ஆறு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம், கீழே ஆசிரியரின் பெரிய சரிக்குறி. படத்துக்குக் கீழே எழுத்து. டீச்சர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

'வணக்கம் டீச்சர். உங்க நம்பரை சரித்திரம் டீச்சர்கிட்ட வாங்கினேன். என்னை நீங்க எல்லாம் விடைக்குறிப்பு சார்னு சொல்லுவீங்க, எனக்குத் தெரியும். இப்ப மக வீட்டுல இருக்கேன். மேல இருக்கறது என் பேத்தி நோட்டு. இங்க ஆறுதான். அமெரிக்கா ஒண்ணுதான். ஏழுன்னு ஒரு தடவை சொல்லிப் பாத்தேன். தாத்தாவுக்கு எண்ணத் தெரியலன்னு அவங்க அம்மாகிட்ட போய் சொல்லிடுச்சு.'

டீச்சர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. செய்தி இன்னும் நீண்டுகொண்டே போனது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

'அன்னிக்கு நீங்க போனதும் அந்தத் தாளை நானே முதல் பக்கத்துலேந்து திருத்தினேன். கையெழுத்து இல்லாத தாளுக்கு அதான் விதி. கடைசி ரெண்டு வெத்துப் பக்கம் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நீங்க மேல குறுக்குக் கோடு போட்டிருந்தீங்க. பிரிச்சுப் பாத்தா உள்ள வரைபடம். நூல் கட்டாம, மடிச்சு, பசை போட்டு ஒட்டி வெச்சிருக்கு அந்தப் பிள்ளை. முன்ன படிச்ச இடத்துல அப்படித்தான் ஒட்டுவாங்க போல. என் பேத்தியும் இங்க அப்படித்தான் ஒட்டுது. அஞ்சு இடத்துல நாலு சரியாக் குறிச்சிருந்துச்சு. நாலு மார்க் போட்டேன். மொத்தம் முப்பத்தேழு. உங்க மார்க்கைவிட ஒண்ணு ஜாஸ்தி. பக்கத்து ரூம் டீச்சர் கையெழுத்துப் போட்டாங்க. பிள்ளை பாஸ்.'

டீச்சர் அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தார். கணவர் கூடத்திலிருந்து, யாரு, என்ன விஷயம் என்று கேட்டார். டீச்சருக்கு நூலைத் தேடிய தன் விரல்கள் நினைவுக்கு வந்தன. கண்டத்தை வேறு மாதிரி எண்ணிய பிள்ளை வரைபடத்தையும் வேறு மாதிரி இணைத்திருக்கும் என்று தோன்றாமல் போனதே என்று நினைத்தார். ஒன்றுக்காக எழுந்து போனவர், இன்னொன்றை அதே தாளில், தன் சிவப்புப் பேனாவாலேயே அடித்திருந்தார். மடியிலிருந்த கீரைக் காம்புகள் தரையில் சரிந்தன. பொறுக்கவில்லை. செய்தியின் மிச்சத்துக்கு விரலை நகர்த்தினார்.

'அப்பவே சொல்லியிருக்கணும். விடைய திருத்தாம விட்டதுன்னு எழுதினா உங்க மேல இன்னொரு குறிப்பாணை போகும். அதனால சொல்லல. அப்புறம் சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு. வரைபடத்துக்கு மார்க் இருந்ததால என் மனசு லேசா ஆச்சு, அதோட விட்டுட்டேன். ஆனா டீச்சர், கண்டத்துக்கு நான் போட்ட நாலு நாலாவேதான் இருக்கு. அத மட்டும் மாத்தல. நேத்து பேத்தி நோட்டுல அந்தச் சரிக்குறியப் பாத்ததுலேந்து மனசு சரியில்ல. அந்த விடைக்கு மார்க் ஏழுதான் டீச்சர்.'